உதவித்தொகை நின்றுவிட்டால்: மேல்முறையீட்டு விசாரணைக்கு ஆயத்தம்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாங்கூழ் ஆலைகளில் உழைப்போர், உணவு விடுதிகளின் அடுப்படியில் நிற்போர், பூக்கட்டி விற்போர், கொத்து வேலை செய்வோர் எனப் பலவகையாகப் பிழைப்பு நாடி, வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை முதலிய இடங்களிலிருந்து வந்து தங்கியவர்கள் நம்மவர்கள். இக்குடும்பங்களுள் ஊனமுற்ற ஒருவர் இருக்கும் இல்லம் எதுவோ, அந்த இல்லத்தார் மாதத்தின் முதல் தேதியை எவ்வளவு ஆவலுடன் எதிர்பார்க்கின்றனர் என்பதையும் நாம் அறிவோம். அன்றுதான் சச்சிவாலயத்து ஊழியர் வாயிலில் வந்து நின்று உதவித்தொகையை வழங்குவார்.

அந்தத் தொகைக்கு 2025-ஆம் ஆண்டில் ஓர் இடையூறு நேர்ந்தது. ஆந்திரப் பிரதேச அரசாங்கம், தகுதியற்றோர் பலர் பொய்ச் சான்றிதழ் காட்டித் தொகை பெறுகின்றனர் என்ற புகாரின் பேரில், அவ்வாண்டு ஜனவரி முதல் ஊனமுற்றோரை மறுபடியும் வைத்திய சோதனைக்கு உட்படுத்தியது. ஆகஸ்டு மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் கையில் நோட்டீசு வந்து சேர்ந்தது. ‘உமது ஊனம் நூற்றுக்கு 40-க்குக் குறைவு, ஆதலின் உதவித்தொகை நிறுத்தப்படும்’ என்பது பலருக்கு வந்த செய்தி. ஒப்பாதவர்கள் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்றும் அரசாங்கம் அறிவித்தது. கிராமத்தவர் எம்.பி.டி.ஓ. என வழங்கும் மண்டல அதிகாரியிடமும், நகரத்தவர் நகராட்சி ஆணையரிடமும் மனுச் செய்துகொள்ள வழி வகுக்கப்பட்டது.

இத்தகைய மறுசோதனைகள் எதிர்காலத்திலும் வரக்கூடும். எனவே மேல்முறையீட்டு விசாரணைக்குச் செல்லும் குடும்பம் எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதை இவ்விதழில் சற்று விரிவாக எடுத்துரைக்கக் கருதினோம்.

இழப்பின் அளவு

2024 ஜூலை முதல் என்.டி.ஆர். பரோசா திட்டத்தின்கீழ் ஊனமுற்றோர் உதவித்தொகை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகவோ சக்கர நாற்காலியிலோ இருப்போர்க்கும், தசைச் சிதைவு நோய் முற்றியோர்க்கும் 15,000 ரூபாய் வகுக்கப்பட்டது. முதியோர்க்குரிய தொகையோ 4,000 ரூபாய். எண் 40-க்குக் கீழ் இறங்கினால் 6,000 ரூபாய் அடியோடு போய்விடும். வயது 60 கடந்திருந்தால் முதியோர் தொகையாக மாறி, மாதம் 2,000 ரூபாய் குறையும். 15,000 ரூபாய் பெற்றுவந்தவர் சாதாரண ஊன வகைக்கு மாற்றப்பட்டாலோ மாதம் 9,000 ரூபாய் இழப்பு. ஒரு குடும்பத்தின் வாடகையும் மருந்துச் செலவும் இந்த எண்ணில் அடங்கியிருக்கின்றன.

எண்ணைப் பற்றிய வழக்கு

விசாரணைக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் தங்கள் வறுமையை எடுத்துரைத்து, ‘ஐயா, தயவு காட்டுங்கள்’ என்று கண்ணீர் விடுகின்றனர். துன்பமுற்றோர் கண்ணீர் விடுவது இயல்பே. ஆயினும் இவ்வழக்கு வறுமையைப் பற்றியதன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நூற்றுக்கு 40 என்பதை ஓர் எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. ஊனத்தை அளந்து சான்று தருவது அச்சட்டத்தின் 58-ஆம் பிரிவு. அவ்வளவு தவறு என்று கருதுவோர் மேல்முறையீடு செய்துகொள்ள உரிமை தருவது 59-ஆம் பிரிவு. ஆகவே, ‘இந்த எண் எவ்வாறு கிடைத்தது? எதை அளந்தார்கள்? எதை அளக்காமல் விட்டார்கள்?’ என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். தயவைக் கேட்பவன் மறுக்கப்பட்டால் திரும்பிவிட வேண்டியதுதான். அளவைக் கேட்பவனுக்கோ அதிகாரி விடை சொல்லியாக வேண்டும்.

பிரிட்டனில் உறவினர் உள்ள அன்பர்கள் அந்நாட்டு முறையைச் சொல்லக் கேட்டிருக்கலாம். அங்கே 2013 முதல் நடைமுறையில் உள்ள உதவித்தொகைக்கு, சமைத்தல், குளித்தல், நடத்தல் முதலிய காரியங்களை ஒருவர் ஆபத்தின்றியும், செம்மையாகவும், மீண்டும் மீண்டும், உரிய நேரத்திற்குள்ளும் செய்ய முடிகிறதா என்று ஆராய்கின்றனர். நம் நாட்டு முறை பெரிதும் உடலுறுப்பின் குறையை அளப்பது. ஆதலின் அங்கே பயன்படும் வாதம் முழுவதும் இங்கே செல்லாது. ஆயினும், ‘ஒருமுறை செய்துகாட்ட முடிந்தது என்பதால் எந்நாளும் செய்ய முடியும் என்று பொருளாகாது’ என்ற அந்நாட்டார் கருத்து நமக்கும் நினைவில் இருக்கத் தக்கது.

நோட்டீசு வந்தவுடன்

முதலாவதாக, நோட்டீசு கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைக்க வேண்டும். கெடு அந்நாளிலிருந்தே எண்ணப்படும். வந்த உறையையும் எறிந்துவிடலாகாது.

இரண்டாவதாக, அதில் குறித்துள்ள காரணத்தை ஐயமறத் தெரிந்துகொள்ள வேண்டும். எண் குறைந்தது ஒரு காரணம். சோதனை நாளில் வராமை மற்றொரு காரணம். வேறு வகைத் தொகைக்கு மாற்றியிருத்தல் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. சோதனைக்கு வராதவர் தாம் வரமுடியாமற்போன காரணத்தை ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டுமேயன்றி, எண்ணைப் பற்றி வாதிப்பதில் பயனில்லை.

மூன்றாவதாக, மொழி. நோட்டீசு தெலுங்கில் இருக்கும். நம்முள் பலர் தெலுங்கு பேசுவர்; படிக்கத் தெரிந்தோர் சிலரே. பள்ளியில் தெலுங்கு பயிலும் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்வதோடு நில்லாமல், அரசாங்கக் காகிதங்களில் பழகிய ஒருவரிடமும் காட்டுதல் நலம். குறை தீர்க்க வேண்டி அளிக்கும் மனுவை அந்த இராஜ்யத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்பது இந்திய அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வழங்கும் இம்மண்ணில், தமிழில் எழுதிய மனுவை வாங்கமாட்டோம் என்று எவரும் சொல்ல இயலாது. எனினும் காரியம் விரைவில் முடிய வேண்டுமானால் தெலுங்குப் பிரதியொன்றையும் உடன் வைப்பதே விவேகம்.

காகிதங்களைத் திரட்டுதல்

ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, பழைய சதரம் சான்று, புதிய சான்று, தனித்துவ அடையாள அட்டை, உதவித்தொகை பெற்றதற்கான குறிப்பு ஆகியவை எல்லோர்க்கும் பொது. அவற்றிற்கு மேல், ஊனத்தின் வகைக்கு ஏற்ற காகிதங்கள் வேண்டும்.

*கால், கை ஊனம்.* கால் ஊனத்தை அளக்கும் மத்திய அரசாங்க விதிகளில் இரண்டு கூறுகள் உள்ளன. மூட்டு எவ்வளவு அசைகிறது, தசைக்கு எவ்வளவு வலு உண்டு என்பது ஒன்று. நிலைத்து நிற்கும் திறன் மற்றொன்று. பின்னதை அறிய, சமதளத்தில் நடத்தல், சரிவில் நடத்தல், படியேறுதல், இரு காலிலும் நிற்றல், குறையுள்ள காலில் நிற்றல், குந்துதல், சம்மணமிட்டு அமர்தல், மண்டியிடுதல், திரும்புதல் ஆகியவற்றைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். சோதனை நாளில் இவற்றுள் எவை செய்யப்பட்டன, எவை விடப்பட்டன என்பதை வீடு திரும்பியதும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘என்னைக் குந்தச் சொல்லவில்லை, படியேறச் சொல்லவில்லை’ என்ற இரண்டு வரிகள் பத்துப் பக்கப் புலம்பலைக் காட்டிலும் வலிமையுடையவை. எக்ஸ்ரே படங்கள், அறுவை சிகிச்சைச் சீட்டுகள், ஊன்றுகோல் அல்லது காலணிக்கருவி வாங்கிய ரசீது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்க.

*செவி.* இரு காதுகளிலும் கேள்விக்குறை 60 டெசிபெல் முதல் 70 வரை இருந்தால் கேள்விக்குறையுடையோர் என்றும், 70-ஐ எட்டினால் செவிடு என்றும் சட்டம் வகுக்கிறது. கருவி மூலம் எடுத்த செவிச்சோதனைப் படம் இன்றியமையாதது. முந்தைய ஆண்டுகளின் படங்கள் இருந்தால் அவற்றை வரிசையாக அடுக்கிக் காட்டலாம்.

*கண்.* கண்ணாடி அணிந்த நிலையில் தெரியும் பார்வையே கணக்கில் கொள்ளப்படும். எனவே கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதால் பயனில்லை. பார்வைப் பரப்புக் குறுகியோர்க்கு எதிரிலுள்ளது தெரிந்தும் பக்கத்திலுள்ளது தெரியாது. அவர்கள் பரப்புச் சோதனையையும் கேட்டுப் பெற வேண்டும். ஒரு கண் முற்றும் இழந்து மற்றொரு கண் நன்றாயிருப்போர்க்கு விதிப்படி கிடைப்பது நூற்றுக்கு 30 மட்டுமே. இஃது எத்துணைக் கடுமையாயினும், அவர்கள் பொய் நம்பிக்கையுடன் அலைந்து பணத்தைச் செலவிடாதிருக்க இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். அத்தகையோர் நல்ல கண்ணின் பார்வையும் மங்கியுள்ளதா என்பதைத் தேர்ந்த வைத்தியரிடம் காட்டி அறிதல் வேண்டும்.

*அறிவு வளர்ச்சிக் குறை, மனநோய்.* தமிழ்க் குடும்பங்கள் மிகவும் கருத்தூன்ற வேண்டிய இடம் இது. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தையிடம் தெலுங்கில் வினா விடுத்தால், அக்குழந்தையின் விடை அறிவைக் காட்டுமா, மொழியைக் காட்டுமா? எந்த மொழியில் சோதனை நடந்தது என்பதை மனுவில் குறிப்பிட்டு, தாய்மொழி அறிந்தவர் முன்னிலையில் மறுசோதனை வேண்டுமென்று கேட்பது நியாயமே. மனநோயாளிகளின் குறையை அளக்கும்போது, தம்மைத் தாமே பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்கும், நோய் நீடித்த காலமும் பார்க்கப்படுகின்றன. அவற்றைப் பற்றி வீட்டாரே உரைக்க வேண்டும். ஆகவே உடன் வாழும் தாயோ மனைவியோ செல்லாமல் தூரத்து உறவினரை அனுப்பலாகாது.

இரண்டு குறையுள்ளோர் கணக்கு

ஒருவருக்கு இரண்டு குறைகள் இருந்தும் ஒன்றை மட்டுமே அளந்து விடுவது உண்டு. இரண்டையும் வெறுமனே கூட்டுவது விதியன்று; அதற்கென்று ஒரு வாய்பாடு உள்ளது. பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, மிச்சத்தைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும்.

காலில் நூற்றுக்கு 35, செவியில் 20 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 90-இலிருந்து 35 போனால் 55. அதனை 20-ஆல் பெருக்கினால் 1,100. 90-ஆல் வகுத்தால் 12-க்குச் சற்று மேல். 35-உடன் கூட்டினால் 47-க்கு மேல் வருகிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் எல்லைக்கோட்டிற்குக் கீழ். சேர்த்துப் பார்த்தாலோ எல்லைக்கோட்டைத் தாண்டிவிடுகிறார். சர்க்கரை நோயால் ஒரு காலும் பார்வையும் குறைந்த முதியவர்கள் நம்மிடையே இல்லையா? அவர்கள் வீட்டார் இக்கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

மனுவின் அமைப்பு

மனு ஒரு பக்கத்திற்கு மிகாதிருத்தல் நன்று. பெயர், முகவரி, உதவித்தொகை எண், நோட்டீசின் தேதி ஆகியவை மேலே. பிறகு, முன்பு தரப்பட்ட எண், இப்போது தரப்பட்ட எண், இரண்டிற்கும் இடையில் நோய் குணமாகவில்லை என்பதற்கான ஆதாரம். அடுத்து, அளக்கப்படாத சோதனைகள். கடைசியில் வேண்டுகோள்: ‘வேறு வைத்தியக் குழுவைக் கொண்டு மறுசோதனை செய்யவும், முடிவைக் காரணத்துடன் எழுத்தில் தரவும், அதுவரை தொகையை நிறுத்தாதிருக்கவும் வேண்டுகிறேன்.’ 2025-இல் மேல்முறையீடு செய்தோர்க்குச் செப்டம்பர் மாதத் தொகை நிறுத்தப்படாது என்று அரசாங்கமே அறிவித்தது. ஆதலின் இக்கடைசி வேண்டுகோள் புதுமையானதன்று.

மனுவைக் கொடுத்ததும் வெறுங்கையோடு திரும்பலாகாது. ‘ரசீது இவ்வண்டி’ என்ற இரண்டு தெலுங்குச் சொற்களை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். முத்திரையும் தேதியும் இட்ட பிரதி இல்லையேல், மனுவே கொடுக்கப்படவில்லை என்று பின்னொரு நாள் சொல்லப்படலாம்.

விசாரணை நாளில்

சித்தூர் ஜில்லா தலைமை ஆஸ்பத்திரியானாலும் திருப்பதி ருயா ஆஸ்பத்திரியானாலும் கூட்டம் மிகுதியாக இருக்கும். நெடுநேரம் காத்திருக்க வேண்டிவரும். தண்ணீர், உணவு, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மூலப் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பிரதிகளை மட்டும் கொடுங்கள். இரண்டு மொழியும் அறிந்த ஒருவர் துணை வரட்டும்.

நாள்தோறும் ஊன்றுகோல் கொண்டு நடப்பவர் அன்றும் அதனுடனே செல்ல வேண்டும். அதிகாரிகள் முன் கௌரவமாகத் தோன்ற வேண்டுமென்று சிலர் அதை வாசலில் வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நான்கடி நடந்து காட்டுகின்றனர். அந்த நான்கடிதான் சான்றில் ஏறும். அதுபோலவே, ஊன்றுகோல் இன்றி நடப்பவர் அன்று மட்டும் அதைக் கடன் வாங்கிச் செல்வதும் தகாது. உள்ளதைக் குறைத்தலும் வேண்டா; கூட்டுதலும் வேண்டா. ‘நடக்க முடியுமா?’ என்று கேட்டால், ‘முடியும்’ என்று ஒரு சொல்லில் நிறுத்தாமல், ‘கடைத்தெரு வரை செல்வதற்குள் இருமுறை உட்கார வேண்டும், மறுநாள் கால் வீங்கும்’ என்று உள்ளபடி விளக்குங்கள். வைத்தியரோடு வாக்குவாதம் வேண்டா. எதையேனும் சோதிக்காமல் விட்டால், ‘ஐயா, இதையும் பார்க்க வேண்டுகிறேன்’ என்று பணிவாகக் கேட்கலாம்.

தமிழ்நாட்டுச் சான்று வைத்திருப்போர்

எல்லைக்கு அப்பால் பெற்ற சான்று இங்கே செல்லுமா என்று பலர் வினவுகின்றனர். ஊனச் சான்று பாரத நாடு முழுவதும் செல்லும் என்று 58-ஆம் பிரிவே கூறுகிறது. ஆனால் உதவித்தொகை அவ்வாறன்று. அது அந்தந்த இராஜ்யத்தார் தம் குடிகளுக்கு அளிப்பது. ரேஷன் அட்டையை ஊரிலேயே விட்டுவிட்டு இங்கு வாழ்வோர், முதலில் வசிக்கும் இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டு இராஜ்யங்களிலும் ஒருங்கே தொகை பெறுவதை ஒருபோதும் எண்ணலாகாது.

அவ்வாறே, ‘எண்ணை ஏற்றித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் தரகர்களை வாயிற்படிக்கு உள்ளே விடாதீர்கள். ஊனமுற்றோர்க்குரிய சலுகையை மோசடியாகப் பெறுவோர்க்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 91-ஆம் பிரிவு. உண்மையான ஊனமுடைய ஒருவர் தரகர் தந்த பொய்க் காகிதத்தால் தம் உண்மையையும் இழந்து நிற்க நேரிடும்.

முடிவு பாதகமாயின்

முடிவை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாய்ச்சொல்லின் மீது மேல் நடவடிக்கை எடுக்க இயலாது. சோதனைக் குறிப்புகள் தரப்படாவிடின் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். கலெக்டர் காரியாலயத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் குறைகேட்பிலும் மனுக் கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரும் முறையீடுகளைக் கேட்கும் அதிகாரம் உடையவர். இவற்றிற்கும் மேலாக அமராவதியிலுள்ள உயர் நீதிமன்றம் இருக்கிறது.

‘வக்கீலுக்குப் பணம் எங்கே?’ என்று மலைக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஊனமுற்றோர் எவர்க்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. சித்தூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள ஜில்லா சட்டப்பணி ஆணையத்தை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் தொலைபேசியில் கேட்கலாம்.

அன்பர்களே! ஊனமுற்றோர்க்கு வழங்கும் உதவி, ஏனையோர்க்கு வழங்கும் அதையொத்த உதவியைக் காட்டிலும் நூற்றுக்கு 25 பங்கேனும் மிகுதியாக இருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவு விதித்திருக்கிறது. ஆகவே இது யாரோ இரங்கி இடும் பிச்சை அன்று. இதைக் கேட்கச் செல்பவர் தலைகுனிந்து செல்ல வேண்டியதில்லை; காகிதங்களை அடுக்கிக்கொண்டு தலைநிமிர்ந்தே செல்லலாம். ஆனால் தனியே செல்ல வேண்டா. தெலுங்கு எழுதத் தெரிந்த இளைஞர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியோர்களும் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, அண்டை வீட்டாரின் நோட்டீசைப் படித்துச் சொல்லவும், மனு எழுதித் தரவும், ஆஸ்பத்திரிக்குத் துணை செல்லவும் முன்வருவார்களாக. பிழைப்பு நாடி வந்த ஊரில் ஒருவர்க்கொருவர் உறவாக நிற்பதற்கே நாம் சங்கம் அமைத்துக்கொண்டோம்.